டெக்ஸ் வில்லரைப் புதிதாக வாசிக்கப் போகிறவர்களுக்கு: ஏற்காட்டு மழையில் நான் கற்றுக்கொண்ட முறை

என் சித்தப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போன ஐப்பசியில் சேலத்திலிருந்து இரண்டு நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மழை விடவில்லை. கரண்டும் போய்ப் போய் வந்தது. பொழுது போகாமல் உட்கார்ந்திருந்த என்னிடம், கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்து டெக்ஸ் வில்லர் என்ற கௌபாய் காமிக்ஸ் தொடரின் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இருநூறு பக்கத்துக்கு மேல் இருந்தது. முக்கால் மணி நேரத்தில் முடித்துத் திருப்பி நீட்டினேன்.

"அதுக்குள்ள முடிச்சிட்டியா கண்ணு? சரி, டைகர் ஜாக் எப்பக் கிளம்பிப் போனாரு?"

எனக்குத் தெரியவில்லை. முடிவில் பாறைக்கு மேலிருந்து சுட்டு மற்றவர்களைக் காப்பாற்றியவர் அவர்தான் என்பது நினைவிருந்தது. ஆனால் எப்போது பிரிந்து போனார் என்று யாரும் பேசியதாக ஞாபகம் இல்லை. சித்தப்பா பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நடு வரிசையில் ஒரு கட்டம். டெக்ஸும் அவர் நண்பர் கார்சனும் பேசிக்கொண்டே முன்னால் போகிறார்கள். அவர்களுக்குப் பின்னால், விரல் நகம் அளவுக்கு, டைகர் ஜாக் தன் குதிரையைப் பக்கவாட்டில் திருப்புகிறார். அடுத்த கட்டத்தில் இரண்டு குதிரைகள்தான் இருக்கின்றன.

"நீ எழுத்தத்தான் படிச்சிருக்க. படத்தப் படிக்கல."

அதற்கப்புறம் இந்த ஒரு வருஷத்தில் 17 டெக்ஸ் புத்தகங்களை வாசித்திருக்கிறேன். முப்பது நாற்பது வருஷமாக வாசிப்பவர்கள் இருக்கும்போது நான் ஏன் எழுதுகிறேன் என்றால், அவர்களுக்கு ஆரம்பத் தடுமாற்றம் மறந்து போயிருக்கும். எனக்கு அது இன்னும் பசுமையாக இருக்கிறது.

தொடரைப் பற்றி முதலில் இவ்வளவு தெரிந்தால் போதும்

டெக்ஸ் வில்லர் அமெரிக்கக் கதை போலத் தெரிந்தாலும் பிறந்தது இத்தாலியில். எழுதியவர் ஜான் லூயிஜி பொனெல்லி, வரைந்தவர் கலெப் என்று கையெழுத்திட்ட அவுரேலியோ கலெப்பினி. 1948 செப்டம்பர் 30 அன்று முதல் இதழ் வந்தது. அன்றைக்கு அது நீளவாக்கில் ஒரே ஒரு வரிசைப் படங்கள் கொண்ட சின்னப் புத்தகம், காசோலைப் புத்தகம் மாதிரி இருக்கும். பிறகு மூன்று வரிசைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கிப் பெரிய பக்கமாக்கினார்கள். இன்று நீங்கள் கையில் எடுக்கும் டெக்ஸ் பக்கம் பெரும்பாலும் மூன்று வரிசையாக, வரிசைக்கு இரண்டு கட்டமாக இருப்பது அதனால்தான். எழுபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது. மாத இதழ் மட்டுமே 700-ஐத் தாண்டிவிட்டது.

தமிழுக்கு 1980-களின் நடுவில் சிவகாசியின் லயன் காமிக்ஸ் மூலம் வந்தார். இப்போதும் லயன், முத்து வெளியீடுகளாகத்தான் கிடைக்கிறார். பழைய வாசகர்கள் பேசும்போது 'தல' என்று சொன்னால் டெக்ஸைச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

எங்கே தொடங்குவது

700 இதழ் என்றதும் வயிற்றைக் கலக்கும். ஒன்றிலிருந்து வரிசையாக வாசிக்க வேண்டுமா என்று நானும் கேட்டேன். வேண்டியதில்லை. டெக்ஸ் கதைகள் பெரும்பாலும் தனித்தனிக் கதைகள். ஒரு ஊர், ஒரு வழக்கு, ஒரு துரத்தல், அதோடு முடிந்தது. இத்தாலியில் மாத இதழ் நூற்றுப்பத்துச் சொச்சம் பக்கம், ஒரு கதை இரண்டு மூன்று இதழ்களுக்கு நீளும். தமிழில் பெரும்பாலும் மொத்தத்தையும் சேர்த்து ஒரே புத்தகமாகப் போட்டுவிடுகிறார்கள். அதனால் வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கதை அந்தப் புத்தகத்திலேயே முடிகிறதா? கடைசிப் பக்கத்தின் கீழே 'தொடரும்' என்று இருந்தால் வைத்துவிடுங்கள். முதல் புத்தகமே பாதியில் நின்றால் ஆசை விட்டுப்போகும்.

அளவில் நடுத்தரமாக எடுங்கள். 'குண்டு புக்' என்று வாசகர்கள் கொண்டாடும் பெரிய தொகுப்புகள் கையில் கனக்கும், புதியவருக்கு மனசிலும் கனக்கும். கறுப்பு வெள்ளையில் இருந்தால் இன்னும் நல்லது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

மெஃபிஸ்டோ என்ற மாயாவித்தைக்காரன் வரும் கதைகளை முதலில் தொடாதீர்கள். நல்ல கதைகள்தான். ஆனால் அவனுக்கும் டெக்ஸுக்கும் பழைய பகை, அவனுக்கு ஒரு தங்கை, பின்னால் ஒரு மகன் என்று கணக்கு நீண்டுகொண்டே போகும். கொஞ்சம் பழகிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நாலு பேரை அறிமுகம் செய்துகொள்ளுங்கள்

டெக்ஸ் டெக்ஸாஸ் ரேஞ்சர், அதாவது சட்டத்தின் ஆள். அதே சமயம் நவஹோ பழங்குடியினரின் தலைவரும் அவர்தான். அவர்கள் வைத்த பெயர் இரவுக் கழுகு. நெற்றியில் மணிப்பட்டை கட்டிக்கொண்டு நவஹோ உடையில் வந்தால் தலைவராக வந்திருக்கிறார் என்று பொருள். மஞ்சள் சட்டை, கழுத்தில் கறுப்புத் துணி என்றால் ரேஞ்சராக வந்திருக்கிறார்.

கிட் கார்சன் வயதில் மூத்த நண்பர். வெள்ளி முடியார். சதா குறை சொல்லிக்கொண்டிருப்பார்: எலும்பு வலிக்கிறது, வழி சரியில்லை, இது வம்பில்தான் முடியும். ஊருக்குள் நுழைந்ததும் மூன்று விரல் தடிமனுக்கு வறுத்த இறைச்சியும் மலை மாதிரி உருளைக்கிழங்கு வறுவலும் கேட்பார். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் சமையல் பந்தலிலேயே நாற்காலி போட்டு உட்காரும் பெரியப்பா ஒருவர் உண்டு. கார்சனைப் பார்த்த முதல் பக்கத்திலேயே எனக்கு அவர் நினைவு வந்துவிட்டது. அதன்பிறகு அந்தப் புத்தகம் அந்நியமாகத் தெரியவில்லை.

டைகர் ஜாக் நவஹோ வீரர். தடம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பேச்சு மிகக் குறைவு, அதனால்தான் நான் அவரைத் தவறவிட்டேன். நாலாவது, டெக்ஸின் மகன் கிட் வில்லர். அப்பா பக்கமும் அம்மா பக்கமும் இரண்டு உலகத்தையும் சுமக்கும் பையன். அம்மா லிலித் நவஹோ பெண். பெரியம்மைக் கிருமி ஏறிய போர்வைகளால் இறந்துபோனவர். தொடர் முழுக்க அவர் அநேகமாக இருப்பதே இல்லை, ஆனாலும் டெக்ஸ் எந்தக் கதையிலும் வேறு பெண்ணைத் தேடிப் போவதில்லை. பழைய வாசகர்கள் இதைப் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள். எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது.

ஒரு பக்கத்தை வாசிப்பது எப்படி

இந்த வழிகாட்டியில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் செய்து பாருங்கள்.

பக்கத்தைத் திருப்பியதும் பேச்சு பலூனுக்குள் இருக்கும் எழுத்தைப் படிக்காதீர்கள். முதலில் பக்கம் முழுவதையும் ஒரு முறை பாருங்கள், இரண்டு மூச்சு நேரம். எங்கே கறுப்பு அதிகம், எங்கே வெளிச்சம், ஆட்கள் பெரிதாக இருக்கிறார்களா சிறிதாகவா, பகலா இரவா. ஏற்காட்டில் மலை விளிம்பில் இருக்கும் லேடி சீட்டில் போய் நின்றதும் யாரும் முதலில் தன் வீட்டைத் தேடுவதில்லை. மொத்தச் சேலத்தையும் பார்த்துவிட்டு, வெளிச்சமாக இருந்தால் அந்தப் பக்கம் மேட்டூர்த் தண்ணீர் மின்னுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் அஸ்தம்பட்டி எது, ஜங்ஷன் எது என்று விரலை நீட்டுவோம். அந்த வரிசை காமிக்ஸுக்கும் பொருந்தும்.

அடுத்து எழுத்து. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். ஒரு கட்டத்துக்குள் இரண்டு மூன்று பலூன் இருந்தால் மேலே இருப்பது முதலில் பேசியது. பலூனின் வால் யார் வாயை நோக்கிப் போகிறது என்று பாருங்கள். குமிழ் குமிழாக இறங்கினால் அது பேச்சல்ல, மனசுக்குள் நினைப்பது. எழுத்தைப் படித்து முடித்ததும் அடுத்த கட்டத்துக்கு ஓடாமல் அதே கட்டத்தின் படத்துக்கு ஒருமுறை திரும்புங்கள். இப்போது பேசுபவரின் முகம் வேறு மாதிரித் தெரியும்.

ஏறக்குறைய எல்லா டெக்ஸ் கதையிலும் இப்படி ஒரு பக்கம் வரும். முதல் கட்டம் அகலமானது: பாறைச் சுவர்கள், கீழே எறும்பு மாதிரிக் குதிரைகள். பேச்சே இல்லை. இரண்டாவதில் கார்சன் முகம், ஏதோ அலுத்துக்கொள்கிறார். மூன்றாவதில் டெக்ஸின் கை மட்டும், கடிவாளத்தை இழுத்தபடி. நாலாவதில் தூரத்தில் ஒரு புகைக் கோடு. ஐந்தாவதில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். ஆறாவதில் குதிரைகள் பாய்கின்றன. எழுத்தை மட்டும் படித்தால் இந்தப் பக்கத்துக்கு ஐந்து விநாடி போதும், கார்சன் புலம்பினார் என்பதுதான் மிஞ்சும். படத்தோடு படித்தால், கார்சன் பேசிக்கொண்டிருக்கும்போதே டெக்ஸ் புகையைப் பார்த்துவிட்டார் என்பது தெரியும். அந்தக் கைதான் சொல்கிறது. யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

பேச்சில்லாத கட்டங்களைத் தாண்டாதீர்கள். சித்தப்பா சொன்ன ஒரு பயிற்சி எனக்கு உதவியது. பேச்சில்லாத கட்டம் வந்தால் அங்கே என்ன சத்தம் கேட்கும் என்று யோசிக்க வேண்டும். காற்றா, குளம்படியா, தூரத்தில் நாயா? அவர் வீட்டுத் திண்ணையில் மழை கொட்டும்போது ஒரு பாலைவனக் கட்டத்தைப் பார்த்து அந்த அமைதியை நினைத்துப் பார்த்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. சத்தம் எழுத்தாகவே வரும் இடங்களும் உண்டு. 'டுமீல்', 'விர்ர்ர்', 'சத்' எல்லாம் படத்தின் பகுதிகள். எழுத்து பெரிதாக இருந்தால் சுட்டவன் பக்கத்தில் இருக்கிறான், சின்னதாக இருந்தால் தூரத்தில்.

வேகம் எவ்வளவு? என் கணக்கில் நூறு பக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. துப்பாக்கிச் சண்டை வரும்போது கை தானாக வேகமாகப் புரட்டும், புரட்டட்டும். அந்த வேகம் வரைபவரே விரும்பியது. சண்டை முடிந்ததும் திரும்பி வந்து யார் எங்கே நின்று சுட்டார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம்.

கறுப்பு வெள்ளையைக் கண்டு ஒதுங்க வேண்டாம்

பணம் மிச்சம் பிடிக்கக் கலர் போடவில்லை என்று நான் நினைத்திருந்தேன். இத்தாலியிலேயே மாத இதழ் கறுப்பு வெள்ளைதான். 100, 200 என்று நூறாவது இதழ்கள் கலரில் வருவது அங்கே வழக்கம்.

எங்கள் வீடு செவ்வாய்ப்பேட்டையில், வெள்ளிக் கொலுசு வேலை செய்யும் குடும்பம். கொலுசை வாங்க வருபவர்களுக்கு அப்பா அதை வெள்ளைத் தாளில் வைத்துக் காட்டவே மாட்டார். கறுப்பு வெல்வெட் துணியை விரித்து அதன்மேல் வைப்பார். ஒவ்வொரு முத்தும் தனித்தனியாக எழுந்து தெரியும். டெக்ஸ் பக்கங்களில் இரவுக் காட்சி வந்தால் எனக்கு அந்தத் துணிதான் நினைவுக்கு வருகிறது. தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் மூக்கு நுனியும் தொப்பி விளிம்பும் மட்டும் வெள்ளையாக விடப்பட்டிருக்கும், மீதி முழுக்கக் கறுப்பு மை. மையே படாத இடம்தான் அங்கே வெளிச்சம். கலர் பூசினால் இது போய்விடுகிறது என்பது என் கருத்து. ஒத்துக்கொள்ளாத வாசகர்களும் நிறைய உண்டு.

வரைபவர்கள் மாறுவதால் டெக்ஸின் முகமும் கதைக்குக் கதை மாறும். குழம்பாதீர்கள். கலெப்பின் டெக்ஸ் ஒரு மாதிரி, ஜொவான்னி டிச்சியின் டெக்ஸ் இன்னொரு மாதிரி. டிச்சியின் கோடு கரடுமுரடாக, குதிரையும் பாறையும் உயிரோடு இருக்கும். ஃபாபியோ சிவிடெல்லி சுத்தமான கோட்டுக்காரர், இரவு வானத்தைப் புள்ளி புள்ளியாக வைத்தே கொண்டுவந்துவிடுவார். 1994-இல் கலெப் காலமானார். அந்த ஆண்டிலிருந்து மாத இதழ் அட்டைகளை வரைபவர் கிளாடியோ வில்லா. மூன்று நாலு புத்தகத்துக்குப் பிறகு, பெயரைப் பார்க்காமலே யார் வரைந்தது என்று உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும்.

உறுத்தக்கூடிய சில விஷயங்கள்

டெக்ஸ் எப்போதும் ஜெயிப்பார். 'அப்புறம் என்ன சுவாரசியம்?' என்று என் தங்கை கேட்டாள். எங்கள் பக்கம் தெருக்கூத்தில் துரியோதனன் விழப்போகிறான் என்று தெரிந்துதான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். ஜெயிப்பாரா என்ற கேள்வியோடு வாசிக்காமல், எப்படி என்ற கேள்வியோடு வாசியுங்கள்.

தகவல் கறக்க டெக்ஸ் ஆட்களைப் புரட்டி எடுப்பார். சட்டத்தின் ஆள் அப்படிச் செய்வது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. பெண் பாத்திரங்கள் குறைவு என்பதும் உண்மை. இந்தக் குறைகளை மறைத்து யாருக்கும் சிபாரிசு செய்யாதீர்கள், குறிப்பாகப் பெண்களுக்கு.

இன்னொன்றைத் தெரிந்துகொண்டு வாசிப்பது நல்லது. கிட் கார்சன் வரலாற்றில் உண்மையாகவே வாழ்ந்தவர். காமிக்ஸில் அவர் நவஹோக்களின் நண்பர். வரலாற்றில், 1863-64-இல் அவர் தலைமையில் போன படை நவஹோக்களின் வயல்களையும் பழத்தோட்டங்களையும் அழித்தது. பட்டினியில் சரணடைந்த ஆயிரக்கணக்கானவர்களை நியூ மெக்ஸிகோவுக்குள் நானூறு ஐநூறு கிலோமீட்டர் நடக்க வைத்தார்கள். வழியில் பலர் இறந்தார்கள். 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் அவர்கள் சொந்த மண்ணுக்குத் திரும்ப முடிந்தது. இதைப் படித்த அன்று எனக்குக் கார்சன்மேல் கோபமே வந்தது. இப்போது இரண்டு பேரையும் தனித்தனி மனிதர்களாக வைத்துக்கொள்கிறேன். வெள்ளையர் ஒப்பந்தத்தை மீறினால் டெக்ஸ் நவஹோ பக்கம் நிற்பார், ராணுவ அதிகாரியையும் எதிர்ப்பார். 1948-இல் தொடங்கிய ஒரு கௌபாய்த் தொடருக்கு இது சின்ன விஷயமல்ல. தமிழில் 'செவ்விந்தியர்' என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. நவஹோக்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர் டினே.

வாங்குவதும் வைத்துக்கொள்வதும்

புத்தகத் திருவிழாக்களில் நேரில் புரட்டிப் பார்த்து வாங்குவதே புதியவருக்கு நல்லது. சேலத்தில் நடக்கும்போது போங்கள். ஆகஸ்டில் ஈரோட்டுத் திருவிழாவுக்கும் இங்கிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம். பிடித்துப்போன பிறகு சிவகாசிக்கு ஆண்டுச் சந்தா கட்டினால் கூரியரில் வீட்டுக்கே வரும். முதல் மூன்று புத்தகத்துக்கு முன் சந்தா கட்ட வேண்டாம்.

பழைய இதழ் வாங்கினால் கடையிலேயே பக்கங்களை எண்ணிப் பாருங்கள். நான் ஒரு இடத்தில் ஆசைப்பட்டு அதிக விலை கொடுத்து வாங்கிய இதழில் கடைசி 8 பக்கம் இல்லை. வில்லன் யார் என்று சித்தப்பாவிடம் போன் போட்டுத்தான் கேட்டேன். நடுப்பக்கத்துப் பின் துருப்பிடித்திருக்கிறதா, தாளை லேசாக வளைத்தால் ஒடிகிறதா என்றும் பாருங்கள். மறுபதிப்பு வந்திருந்தால் அதுவே போதும், பழையதற்கு ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள்.

ஏற்காட்டில் வீடு இருப்பவர்களுக்கு: ஈரம்தான் எதிரி. சித்தப்பா தகரப் பெட்டியில் காய்ந்த வேப்பிலையும் இரண்டு கற்பூர வில்லையும் போட்டு வைக்கிறார். மழைக்காலம் முடிந்ததும் தை மாசத்து வெயிலில், நேரே வெயில் படாமல் திண்ணை நிழலில், புத்தகங்களை விரித்துக் காற்றாட விடுவார். இராமபாணப் பூச்சி அட்டைப் பசையைத்தான் முதலில் தின்னும், அதனால் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். சேலத்துக்காரர்களுக்கு ஒன்று: தட்டுவடை செட் சாப்பிடும்போது புத்தகத்தைத் தூரமாக வையுங்கள். பீட்ரூட் சாறு பட்ட தாளை எதைக்கொண்டும் சுத்தம் செய்ய முடியாது. மலைப் பேருந்திலும் வாசிக்க வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் சின்ன எழுத்தைப் படித்தால் தலை சுற்றும்.

மூன்று புத்தகத்துக்குப் பிறகு

இப்போது 'கார்சனின் கடந்த காலம்' கிடைத்தால் வாங்குங்கள். எழுதியவர் மாவ்ரோ பொசெல்லி, 1994-இல் இத்தாலியில் வந்தது. அதுவரை உருளைக்கிழங்கு வறுவல் கேட்டுப் புலம்பிக்கொண்டிருந்த மனிதருக்கு இளமையில் ஒரு காதலும், துரோகியாகிவிட்ட ஒரு நண்பனும் இருந்தது அதில்தான் தெரியவரும். இதை முதல் புத்தகமாகப் படிக்காதீர்கள். கார்சனோடு நாலு இரவு தீ மூட்டி உட்கார்ந்த பிறகு படித்தால்தான் உள்ளே இறங்கும். இளவயது டெக்ஸின் கதைகளைச் சொல்லும் தனித் தொடர் ஒன்று 2018-இல் இத்தாலியில் தொடங்கியது. அதையும் இதற்குப் பிறகே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு புத்தகத்தை முடித்ததும் உடனே அடுத்ததற்குத் தாவாமல், முதல் பத்துப் பக்கத்துக்குத் திரும்பிப் போங்கள். பலூனைத் தொடவே வேண்டாம், படம் மட்டும். போன வாரம் நான் முடித்த கதையில் வில்லன் கடைசி இருபது பக்கத்தில்தான் வெளிப்பட்டான். முதல் பக்கங்களுக்குத் திரும்பிப் போனேன். குதிரை வண்டி ஊருக்குள் வந்து நிற்கும் நாலாம் பக்கத்தில், வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்குப் பின்னால், தூணில் சாய்ந்தபடி தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு அவன் நிற்கிறான். உடனே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"நாலாம் பக்கம், ரெண்டாவது வரிசை, சித்தப்பா."

"தூணுகிட்டயா?" என்றார்.